கடையநல்லூருக்கு ஒரு பொட்டலம்

38 நாள் என் முதுகில் கிடந்த பை இப்போது பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுத் தட்டட்டியில், துணிக்கொடியில் தலைகீழாகத் தொங்குகிறது. மூன்று தடவை சோப்புப் போட்டு அலசியாகிவிட்டது. ஜாதிக்காயும் கோடாலித் தைலமும் சேர்ந்த ஒரு வாசம் மட்டும் போவேனா என்கிறது. துணி எடுக்க மேலே போகும்போதெல்லாம் அம்மா மூக்கைச் சுளிக்கிறாள். "ஏட்டி, இது என்ன பையா, நாட்டு மருந்துக் கடையா?"

அந்தப் பை மேல் அம்மாவுக்கு வேறு கோபமும் உண்டு. நான் கிளம்பிய மறுநாளே தெருவில் "ஆபீஸ்ல வெளிநாட்டுக்கு அனுப்பிருக்காவ" என்று சொல்லிவைத்துவிட்டாள். வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருக்கும் சமயத்தில், இருபத்தொன்பது வயசுப் பிள்ளை வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஒத்தையில் ஊர் சுற்றப் போயிருக்கிறாள் என்று எந்த அம்மாவுக்குத்தான் வாய் வரும்? ஆபீஸில் அனுப்பிய பிள்ளை சூட்கேஸை உருட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். நானோ விடிகாலையில் ஆட்டோவிலிருந்து, பைக்குப் பின்னால் ஒரு ஜோடிச் செருப்பு ஊசலாட இறங்கினேன். எதிர்வீட்டு ஆச்சி கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். புள்ளியை விட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஆபீஸ்ல வெயில்லயா வேல வாங்குதாவ? கருத்துல்லா போயிட்ட."

ஹனோயில் இறங்கி, அங்கிருந்து சைகோன் வரையிலான 1,726 கிலோமீட்டரை நாலு துண்டாக வெட்டி ரயிலில் கடந்து, பாங்காக்கில் ஒரு வாரம் உட்கார்ந்து, பிறகு தெற்கே மலேசியாவுக்குள் நுழைந்து, கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம். இதுதான் நான் போன பாதை. வியட்நாமைப் பற்றி எழுது என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். எழுதலாம். ஆனால் அங்கே எல்லாரும் பார்ப்பதைத்தான் நானும் பார்த்தேன், எல்லாரும் எடுக்கும் இடத்தில் நின்றுதான் நானும் போட்டோ எடுத்தேன். எனக்கென்று ஏதாவது நடந்தது கடைசி நாலு நாளில்தான். அதுவும் பினாங்கில்.

கடைசி நாட்களில் ஒன்றும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்திருந்தேன். முந்திய ஒரு பயணத்தில் பட்ட பாடு அது. கடைசி நாள் வரை இடம் பார்த்துவிட்டு, ஈரத்துணியோடு விமானம் ஏறி, வீட்டுக்கு வந்து மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தேன். இந்தத் தடவை நாலு நாளை வெறுமனே விட்டுவைத்தேன். துணி துவைக்க, தூங்க, மிச்சக் காசை எண்ண, வீட்டுக்கு என்ன வாங்குவது என்று யோசிக்க.

பாங்காக்கில் பிற்பகலில் ஏறிய ரயில் மறுநாள் காலை பாடாங் பெசாரில் கொண்டுபோய் விட்டது. எல்லையில் இருக்கும் ஸ்டேஷன். ஒரே கட்டடத்துக்குள் தாய்லாந்து அதிகாரி போய் வா என்று முத்திரை குத்துகிறார், நாலெட்டு தள்ளி மலேசிய அதிகாரி வா என்று குத்துகிறார். 2023 டிசம்பரிலிருந்து நமக்கு மலேசியாவில் 30 நாள் வரை விசா தேவையில்லை. வருகை அட்டையை மட்டும் முன்கூட்டி ஆன்லைனில் நிரப்பியிருக்க வேண்டும். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிக்கொண்டேன். அங்கிருந்து பட்டர்வொர்த்துக்கு இன்னொரு ரயில், பிறகு படகு. படகிலிருந்து பார்க்கும்போது பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் தாழ்வான ஓட்டுக் கூரைகளும் அதற்குப் பின்னால் உயரக் கட்டடங்களும் அதற்கும் பின்னால் மேகம் மூடிய மலையுமாகத் தெரிந்தது. அம்பாசமுத்திரம் பக்கத்தில் நின்று மேற்கே பார்த்தால் தெரியும் மலையைப் போல இருந்தது. ஊர் ஞாபகம் அப்போதே தொற்றிவிட்டது என்று நினைக்கிறேன்.

தங்கிய விடுதியைப் பற்றி ஒரு வரி போதும். மேல்கட்டில், அதற்கு நேர் மேலே ஒழுகும் ஏசி. சொன்னேன், ஒரு வாளி கொண்டுவந்து என் கால்மாட்டில் வைத்தார்கள்.

முதல் நாள் ஊரைச் சுற்றியாகிவிட்டது, அது சின்ன ஊர்தான். 1786-ல் பிரான்சிஸ் லைட் என்கிற ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிடித்த தீவு. 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சூலியா தெரு என்று ஒரு தெரு. சூலியா என்பது சோழமண்டலக் கரையிலிருந்து போன தமிழ் முஸ்லிம்களுக்கு அந்தக் காலத்தில் வழங்கிய பெயர். பக்கத்திலேயே அவர்கள் 1801 வாக்கில் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், கொஞ்சம் தள்ளிக் குயின் தெருவில் 1833-ல் வந்த மாரியம்மன் கோவில். ஆர்மீனியன் தெருவில், சைக்கிளில் இரண்டு பிள்ளைகள் போவது போன்ற சுவரோவியத்துக்கு முன்னால் போட்டோ எடுக்க வரிசை. வரிசையில் நிற்கும் தெம்பு இல்லை, போய்விட்டேன். கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்ததுதான் பிடித்தது. கடைக்கு மலாயில் 'கெடாய்'. கப்பலுக்குக் 'கப்பால்', பெட்டிக்குப் 'பெத்தி', கட்டிலுக்குக் 'காத்தில்', தொழிலில் போடும் முதலுக்கு 'மோடால்'. நம்மாட்கள் என்னென்ன சாமானோடு அங்கே போய் இறங்கினார்கள் என்பதற்கு இந்த நாலைந்து வார்த்தைகளே போதும்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு சின்ன நாசி கண்டார் கடையில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நாசி என்றால் சோறு. கண்டார் என்பது தோளில் போடும் காவடிக் கம்பு. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் ஒரு பக்கம் சோற்றுக் கூடையும் மறுபக்கம் குழம்புமாகச் சுமந்து துறைமுகத்துக் கூலிகளுக்கு விற்ற சாப்பாடு, இன்றைக்குப் பினாங்கின் அடையாளமாகிவிட்டது. சுவையைச் சொல்ல வேண்டுமானால், மட்டன் குழம்பு, மீன் குழம்பு, கோழிக் குழம்பு மூன்றையும் வேண்டுமென்றே ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றித் தருகிறார்கள். எங்கள் வீட்டில் அப்படிக் கலந்தால் அடி விழும். அங்கே அதுதான் பக்குவம்.

வாயில் சோற்றோடு அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். "ஆமாம்மா, சோறுதான் திங்கேன்... நாளக் கழிச்சிக் கிளம்புதேன்... சொல்லுதேன், வை." போனை வைத்ததும் கல்லாவில் இருந்த பெரியவர் கேட்டார். "தின்னவேலியா?"

எப்படித் தெரியும் என்றேன்.

"'கிளம்புதேன்'னு சொன்னியள்லா. இங்க யாரு அப்பிடிப் பேசுதா? எங்க வாப்பா பேசும். நாங்க கடையநல்லூர்லா."

அந்த 'லா' எந்த ஊர் 'லா' என்று எனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. நம் பக்கத்தில் 'வந்தாம்லா', 'சொன்னேம்லா' என்று இழுக்கிறோம். மலேசியாவில் சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாருமே வாக்கியத்தின் வாலில் ஒரு 'லா' கட்டுகிறார்கள். அவர் வாயில் இரண்டும் ஒன்றாகிவிட்டது. பினாங்கிலேயே பிறந்தவர், அறுபத்தாறு வயது. கடையநல்லூர் தறி நெய்கிறவர்கள் ஊர். தறி சோறு போடாத காலத்தில் அங்கிருந்தும் தென்காசியிலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் 1941-லேயே கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்று சங்கம் வைக்கிற அளவுக்கு ஆள் சேர்ந்துவிட்டது. இவருடைய பாட்டி பினாங்கில் அம்மியில் மசாலா அரைத்து, உருட்டி, வீடு வீடாக விற்றவராம். "இந்தக் கடை அந்த அம்மியிலருந்து வந்தது" என்றார். அம்மி இப்போது கடை வாசலில், மணி பிளாண்ட் தொட்டிக்கு முட்டாகக் கிடக்கிறது.

அவருக்கு ஒரு அக்கா. அவரும் பினாங்கில் பிறந்தவர்தான். பதினாறு வயதில் கல்யாணத்துக்காக ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கி, கடையநல்லூரில் வாழ்க்கைப்பட்டார். எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடிய கப்பல் அது. அக்கா அதற்குப் பிறகு பினாங்குக்குப் போகவே இல்லை. இவர் மட்டும் போய் வந்துகொண்டிருந்திருக்கிறார், உம்மா மௌத்தாகும் வரை.

பேச்சுவாக்கில், பாளையங்கோட்டையிலிருந்து கடையநல்லூர் எவ்வளவு நேரம் என்று கேட்டார். அவருக்குத் தெரியாததா? நான் பதில் சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

யாரென்று தெரியாதவர் கொடுக்கும் பொட்டலத்தை வாங்கக் கூடாது என்பது தனியாகப் பயணம் போகிறவர்களின் முதல் சட்டம். அதுவும் போதைப்பொருள் வழக்கு தூக்கு வரை போகக்கூடிய ஒரு நாட்டில். ராத்திரி முழுவதும் ஒழுகும் ஏசிக்குக் கீழே இதையே யோசித்துக்கொண்டு கிடந்தேன். மறுநாள் போய் நேராகவே சொல்லிவிட்டேன். "தப்பா நெனைக்காதீங்க பாய். நான் கொண்டு குடுக்கேன். ஆனா ஒவ்வொரு சாமானையும் நான் பாத்து, என் கையால கட்டணும்."

முகம் வாடும் என்று நினைத்தேன். சிரித்தார். "பாக்காம வாங்கிருந்தா நானே குடுத்திருக்க மாட்டேன் பிள்ள."

மத்தியானக் கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு மேசையைத் துடைத்து, பழைய சீன நாளிதழ் ஒன்றை விரித்தார். ஆறு பாட்டில் கோடாலித் தைலம். வெளிநாட்டிலிருந்து வந்தவர் இதைத் தராமல் போனால் நம் ஊரில் வந்ததாகவே கணக்கில்லை. இரண்டு கைலி. நாங்கள் சாரம் என்போம். மலாய்க்காரர்கள் இந்தக் கட்டம் போட்ட துணியைப் 'பெலிக்காட்' என்கிறார்கள், பழவேற்காட்டிலிருந்து கப்பலில் போன துணி என்பதால். போன துணிக்குப் பேர் மிஞ்சி, பேரோடு திரும்பி வருகிறது. ஒரு பொட்டலம் மைலோ. ஒரு குப்பி ஜாதிக்காய்த் தைலம். அப்புறம் அரைக்கிலோ ஜாதிக்காய்ச் சீவல்: நாம் கொட்டையை மட்டும் மருந்துக்கு எடுத்துக்கொண்டு விட்டுவிடும் பழத்தின் சதையைச் சீவி, சர்க்கரையில் ஊறவைத்துக் காயவைத்தது. முதலில் நாக்கில் உறைப்பு மாதிரி ஒரு விறுவிறுப்பு, அப்புறம் இனிப்பு, அப்புறம் தொண்டையில் ஒரு குளுமை. பினாங்கில் ஜாதிக்காயை நட்டுப் பரப்பியதும் கம்பெனிக்காரன்தான். அதே கம்பெனிதான் 1800-ஐ ஒட்டி நம் குற்றாலத்தில் வாசனைத் தோட்டம் போட்டு, கிராம்பை இந்தியாவுக்குள் கொண்டுவந்தது. இதை அவரிடம் சொன்னபோது, "அப்ப குத்தாலத்துக்காரிக்கே ஜாதிக்கா குடுத்துவிடுதேனா" என்றார்.

எல்லாவற்றையும் முகர்ந்து, குலுக்கி, மூடி திருகிப் பார்த்தேன். கைலியை உதறிப் பார்த்தேன். மைலோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், அதில் என்ன தெரியும் என்று எனக்கே தெரியாது. அவர் பொறுமையாக நின்றார். கடைசியில் வெங்காயம் நிறுக்கும் தராசில் வைத்தோம். 2 கிலோ 350 கிராம்.

பிறகு கல்லாவைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பழைய தபால் உறையை எடுத்தார். மேலே பேனாவில் 'ஊர்' என்று எழுதியிருந்தது. உள்ளே இந்திய நோட்டு, நாலு ஐந்நூறு. "இது பஸ்ஸுக்கு வெச்சுக்கோ. மிச்சத்த அக்கா பேரனுக்கு எதாவது வாங்கிக் குடுத்துரு."

நோட்டைக் கையில் வாங்கியதும் என்னவோ போல் இருந்தது. அளவு பெரிசு. நிறம் மஞ்சளும் பழுப்புமாக. எட்டு வருஷத்துக்கு மேல் கண்ணால் பார்க்காத நோட்டு. 2016 நவம்பர் 8 ராத்திரி செல்லாது என்று சொன்னார்களே, அந்த ஐந்நூறு.

"பாய், இது செல்லாதே."

அவருக்கு அந்தச் செய்தி தெரியாமல் இல்லை. டிவியில் பார்த்திருக்கிறார், வங்கி வாசலில் வரிசையில் நின்ற சொந்தக்காரர்களோடு போனில் பேசியும் இருக்கிறார். இந்த உறையை மட்டும் அதோடு சேர்த்து நினைக்கவில்லை. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது மதுரையில் இறங்கியதும் பஸ்ஸுக்கு ஆகும் என்று எடுத்துவைத்தது. உம்மா மௌத்துக்காக அவர் ஊருக்கு வந்தது 2015-ல். நோட்டைத் திரும்ப வாங்கி, ஓரங்களை ஒன்றாகத் தட்டிச் சரிசெய்து, உறைக்குள் போட்டு, அதே இடத்தில் வைத்தார். கல்லாவை மூடினார். "அம்புட்டு நாளா ஆச்சு" என்று மட்டும் சொன்னார், என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

அன்று ராத்திரி கடைப் பையன் ஒருவனைக் கூட அனுப்பி, தெருமுனையில் டுரியான் (நாம் துரியன் என்கிற முள்பழம்) வாங்கிக் கொடுக்கச் சொன்னார். ஆனி மாதம் அங்கே அதுதான் பருவம். தீவின் மேற்குப் பக்கம் பாலிக் பூலாவ் தோட்டங்களிலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்குகிறது. முள்ளை வெட்டிப் பிளந்தால் உள்ளே குழந்தையின் கைமுட்டி அளவுக்குச் சுளை, மஞ்சளாக, கையில் எடுத்தால் குழைகிறது. வாசத்தைப் பற்றி ஆளுக்கு ஆள் ஒன்று சொல்வார்கள். என்னைக் கேட்டால், வெங்காயம் நறுக்கிய பலகையில் வைத்துப் பால்கோவா தின்ற மாதிரி. முதல் சுளை நான் தின்றேனா அது என்னைத் தின்றதா தெரியவில்லை. மூன்றாவது சுளைக்கு நானே கை நீட்டினேன். விடுதிகளில், பஸ்ஸில், விமானத்தில் எங்கும் இதைக் கொண்டுபோக முடியாது. எங்கள் விடுதிக் கதவிலேயே படம் போட்டுச் சிவப்புக் கோடு கிழித்திருந்தார்கள். மறுநாள் விடைபெறும்போது பெரியவரும் அதைத்தான் சொன்னார். "எல்லாத்தையும் குடுத்துவிட்டுறலாம். பழத்தத்தான் முடியல. இந்த மாசம் போன் போட்டா அக்கா மொதல்ல கேக்குறதே, பழம் வந்துட்டாலேன்னுதான்."

எனக்கு விமானத்தில் கைப்பை ஏழு கிலோ. சரக்குப் பைக்குத் தனிப் பணம், அதற்கு என்னிடம் மலேசிய ரிங்கிட் இல்லை. ஒவ்வொரு செலவையும் நம் ரூபாய்க்குப் பெருக்கிப் பெருக்கி 38 நாளைக் கடத்தியவள், கடைசியில் வந்து அந்தப் பணத்தைக் கட்டுவேனா? பொட்டலம் இல்லாமலே பை ஆறு கிலோவைத் தாண்டியிருந்தது. விடுதித் தரையில் எல்லாவற்றையும் கொட்டினேன். ஜீன்ஸ் போனது. ஹனோயில் வாங்கிய மழைக்கோட்டு போனது. பாதி படித்த புத்தகம், ஷாம்பு, ஒரு துண்டு, சைகோனில் ஆசைப்பட்டு வாங்கிய பீங்கான் கிண்ணம் எல்லாம் 'யாரும் எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதிய பெட்டிக்குப் போயின. கிண்ணத்தை மட்டும் இரண்டு தடவை போட்டு எடுத்தேன். ஷூவைக் காலில் மாட்டிக்கொண்டு, செருப்பைப் பைக்கு வெளியே கட்டினேன். வெளியே தொங்குவதை நிறுக்க மாட்டார்கள் என்று யாரோ சொன்ன நம்பிக்கை. கடைசியில் பார்த்தால், என் பயணத்தில் நான் வாங்கிய ஒன்றும் பையில் இல்லை. அடுத்தவர் சாமான்தான் இருந்தது. அம்மாவுக்கென்று வாங்கிய ஒரு காயா ஜாம் பாட்டில் தவிர.

கோலாலம்பூரில் ஒரு ராத்திரி. இரட்டைக் கோபுரத்தைத் தூரத்தில் இருந்து பார்த்தேன், போதும் என்று தோன்றியது.

விமான நிலையத்தில் பை 6 கிலோ 900. வெற்றி. ஆனால் பாதுகாப்புச் சோதனையில் காயாவை எடுத்து வைத்துவிட்டார்கள். தேங்காய்ப்பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்ந்த ஜாம், அதுவும் திரவக் கணக்குத்தான், நூறு மில்லிக்கு மேல் போகாது. கோடாலித் தைலம் ஆறும் சின்னப் பாட்டில் என்பதால் தப்பின. அந்த அம்மாள் காயாவைத் தொட்டியில் போடும்போது என் முகத்தைப் பார்த்து "சாரி லா" என்றார்.

திருச்சியில் சுங்க அதிகாரி பையைத் திறக்கச் சொன்னார். மேலாக ஆறு தைலம், இரண்டு கைலி. "குருவியா?" என்றார். காசுக்காகச் சாமான் சுமந்து பறந்துகொண்டே இருக்கிறவர்களுக்கு அங்கே அதுதான் பெயர். இல்லை என்றேன். எத்தனை நாள், என்ன வேலை, தங்கம் இருக்கா என்று கேட்டுவிட்டு, ஜாதிக்காய்ச் சீவலை முகர்ந்து பார்த்துவிட்டு விட்டார். குருவி என்றால் கூலியாவது கிடைத்திருக்கும்.

நடுராத்திரி தாண்டி நெல்லை எக்ஸ்பிரஸ். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால் இழுத்தும் தூக்கம் வரவில்லை. கோவில்பட்டியில் யாரோ ஏறி கடலை மிட்டாய் விற்றார்கள். வாஞ்சி மணியாச்சி தாண்டும்போது வெளுத்தது. ஜன்னலுக்கு வெளியே கரிசல், உடைமரம், காற்றாடி. 38 நாள் பச்சை பார்த்த கண்ணுக்கு அந்தக் காய்ந்த நிலம் ஒரு மாதிரி ஆறுதலாக இருந்தது. வீட்டில் அம்மா உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்து வைத்திருந்தாள். குழம்புகள் கலக்கவில்லை.

மூன்றாம் நாள் கடையநல்லூருக்குக் கிளம்பினேன். அம்மாவும் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"நீ எங்கம்மா?"

"முன்னப்பின்னத் தெரியாத வீட்டுக்கு ஒத்தையிலயா போவ?"

ஹனோயிலிருந்து கோலாலம்பூர் வரை ஒத்தையில் வந்தவளிடம் இதைக் கேட்கிறாளே என்று நினைத்தேன், சொல்லவில்லை. செங்கோட்டை பாசஞ்சரில் ஏறினோம். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அம்மா தனக்குத் தெரிந்த யாராவது ஒருவருடைய கல்யாணத்தை அல்லது பிரிவினைச் சண்டையை எனக்குச் சொன்னாள். பாவூர்சத்திரத்துக்கு அப்புறம் காற்று மாறியது. தென்காசியில் இறங்கும்போது சாரல்.

சாரல் விழும்போது தென்காசி வரைக்கும் வந்துவிட்டுக் குற்றாலம் போகாமல் திரும்புவதா என்று அம்மா கேட்டாள். கேட்டது நியாயம். அருவியில் கூட்டம் அதிகம், குளிக்கவில்லை. முகத்தில் பட்டது போதும் என்று திரும்பும்போதுதான் அதைப் பார்த்தேன். பழவண்டியில் மங்குஸ்தான், ரம்புட்டான், அதற்கு நடுவில் துணி போர்த்தி நாலு துரியன். குற்றாலத்தில் சீசனுக்கு இந்தப் பழம் வரும் என்று சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்து என்ன, ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

வண்டிக்காரர் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். "எடுங்க தங்கச்சி, கொழந்த இல்லாதவங்க தேடி வந்து வாங்குற பழம்."

"அய்யோ, இவளுக்கு இன்னும் கல்யாணமே ஆவலியே!" அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வண்டிக்காரரும் திரும்பினார்.

இருப்பதிலேயே சின்னப் பழம். பேரம் பேசி 750 ரூபாய். அம்மா அதற்கப்புறம் கடையநல்லூர் வரைக்கும் என்னோடு பேசவில்லை. பஸ்ஸில் எங்கள் சீட்டுக்கு முன்னால் இருந்தவர் வாசம் தாங்காமல் ஜன்னலைத் திறந்தார், சாரல் உள்ளே அடித்தது, கண்டக்டர் யாரையும் பெயர் சொல்லாமல் திட்டினார்.

அக்கா வாசலிலேயே நின்றார். தம்பிக்கு இருக்கும் அதே நெற்றி. பொட்டலத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "என்ன வாசம் இது?" என்றார். பையிலிருந்து பழத்தை எடுத்ததும் கையைத் தலை முக்காட்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். கத்தி தேடவில்லை. பழத்தைத் திருப்பி, அடியில் ஒரு கோட்டை விரலால் தடவிப் பார்த்து, அரிவாள்மணையின் நுனியை அந்த இடத்தில் கொடுத்து ஒரு திருகு. வாய் பிளந்துவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் கை மறக்கவில்லை.

பேரன் வீடியோ கால் போட்டுக் கொடுத்தான். பினாங்கில் கடைக் கூட்டத்துக்கு நடுவில் பெரியவர் முகம். "ஏய், பழம் வந்துட்டுல!" என்று அக்கா சுளையைப் போன் மேலேயே வைத்துக் காட்டினார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "எப்பிடிப் பிள்ள பிளேன்ல ஏத்துன?" என்று என்னைக் கேட்டார். குற்றாலம் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே வரவில்லை, சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தோம்.

"எப்பிடி இருக்கு?" என்றார் பிறகு.

அக்கா மென்று, யோசித்து, தீர்ப்புச் சொன்னார். "வாசம் பத்தாது. நம்ம பழம் மாதிரி வராது. ஆனா பழந்தான்."

அம்மா ஒரு சுளையை வாயில் வைத்துவிட்டு, எங்கே துப்புவது என்று கண்ணால் தேடி, மரியாதைக்காக விழுங்கினாள். ஆனால் கொட்டையைப் பலாக்கொட்டை மாதிரி உப்புப் போட்டு அவிக்கலாம் என்று அக்கா சொன்னதும் அவளுக்கு விஷயம் பிடித்துவிட்டது. அங்கிருந்து பலாக்கொட்டை, அவியல், சொதி, யார் வீட்டுச் சொதியில் எத்தனை தேங்காய் என்று இரண்டு பேரும் அடுப்படிக்குப் போய்விட்டார்கள். நான் பேரனுக்கு ஹனோய் ரயில் போட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே அம்மாவின் குரல் கேட்டது: "ஆபீஸ்ல ஒண்ணும் அனுப்பல, சும்மாதான் சுத்திட்டு வந்திருக்கா. ஒத்தையில." அதைச் சொன்ன தோரணை இதுவரை எங்கள் தெருவில் கேட்காதது.

சாயங்காலப் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம். ஆலங்குளம் தாண்டும் வரை மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள்.

"பினாங்குக்கு இப்பம் விசா வேண்டாமாம்லா?"

"யாரு சொன்னா?"

"அந்த அக்காதான். பாஸ்போட்டுக்கு எவ்வளவு ஆவும்?"

"1,500 ரூபா."

விரலை மடக்கி ஒரு கணக்குப் போட்டாள். "ரெண்டு நாத்தப் பழத்து வெலதான" என்று சொல்லிவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.